நாற்பத்தொரு நெல்லும் ஒன்பது படமும்

காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், 1998 ஆனி மாதம் ஒரு கம்ப்யூட்டர் கவுன்ட்டர் திறந்தார்கள். மதுரையில் விதை வியாபாரிகள் சிலர் ஒன்றுகூடி, தங்கள் சரக்கு முழுவதையும் இன்டர்நெட்டில் ஒரே பக்கத்தில் வைத்து விற்க ஏற்பாடு செய்திருந்தார்கள். விவசாயி வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? அதனால் ஊருக்கு ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். வருகிறவர் திரையைப் பார்த்து நெல்லைச் சொல்ல வேண்டும், ஆள் அதைப் பதிய வேண்டும், பத்து நாளில் மூடை வேனில் ஊருக்கே வந்துவிடும்.

காரைக்குடிக்கு அமர்த்தப்பட்டவள் ஆரோக்கிய ஷீலா. வயது இருபத்தெட்டு. பி.எஸ்ஸி. படித்தவள், தட்டச்சில் வேகம். கணவன் சாலமன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவள் பிறந்தது நாச்சியாபுரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில். அங்கே அவள் அப்பா சின்னராஜ் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வயலில் வளர்ந்த பெண் என்பதால்தான் மதுரை மேனேஜர் அழகுராஜா அவளைத் தேர்ந்தெடுத்தார். "விவசாயிக பேசுறது உங்களுக்குப் புரியும் ஷீலாம்மா. மத்ததை மெஷின் பாத்துக்கும்" என்றார்.

மெஷின் பார்த்துக்கொள்ளவில்லை. மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு இணைப்பு வாங்கி, அந்தப் பக்கம் முழுவதும் திறக்கப் பதினான்கு நிமிஷம் ஆயிற்று. பக்கத்தில் நாற்பத்தொரு நெல், நாற்பத்தொரு படம். படங்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பவளம் என்று ஒரு நெல் இருந்தது. அதிலேயே பவளம் 105, பவளம் 120, பவளம் 135 என்று மூன்று. விதைத்த நாளிலிருந்து அறுக்கும் நாள்வரை எத்தனை நாள் என்பதுதான் அந்த எண். பை அதேதான், அதில் போட்ட சிவப்புக் கதிர்ப் படமும் அதேதான், உள்ளே இருக்கும் மணியைக் கையில் அள்ளிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் திரையில் மூன்றும் தனித்தனியாக ஒன்றன்கீழ் ஒன்றாக ஊர்ந்து இறங்கும். வந்தவர்கள் வேட்டியை மடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பாதியில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

"எல்லாம் ஒரே பையாத்தானே இருக்கு. எதுக்குத் தாயி இத்தன தடவ காட்டுது?" என்று ஒருவர் கேட்டார்.

அந்தக் கேள்வி ஷீலாவின் மனதில் தங்கியது. அன்று மாலை மதுரைக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஒரு பெயருக்கு ஒரு படம் போதும், அதன்கீழ் சின்னப் பெட்டி ஒன்றை வைத்து அதில் எண்ணைத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம், நாற்பத்தொரு படம் ஒன்பதாகக் குறையும் என்று தாளில் பென்சிலால் வரைந்தும் காட்டியிருந்தாள்.

மூன்று வாரத்தில் அப்படியே மாற்றிவிட்டார்கள். பக்கம் மூன்று நிமிஷத்தில் திறந்தது. அழகுராஜா போனில் கூப்பிட்டு, எல்லா ஊர்க் கவுன்ட்டருக்கும் அவள் யோசனையைத்தான் கொடுத்திருப்பதாகச் சொன்னார். சாலமன் அன்று அரைக் கிலோ அல்வா வாங்கி வந்தான்.

இரண்டு விஷயங்களை மட்டும் மதுரையில் தாங்களாகச் செய்திருந்தார்கள். அதிகம் விற்கும் எண் பெட்டியில் முதலில் நிற்கும். அதிகம் வாங்குவது தஞ்சாவூர்ப் பக்கம், ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர். அங்கே 135தான் கேட்பார்கள். ஆகவே பெட்டியில் எப்போதும் 135 நின்றது. சீக்கிரம் வற்றும் கண்மாய்த் தண்ணீரை நம்பியவர்களுக்கு 105 வேண்டும் என்றால் ஷீலா ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். இன்னொன்று, ரசீதையும் சுருக்கிவிட்டார்கள். 'பவளம் – 2 பை' என்று மட்டும் அச்சாகும். எண் அதில் வராது.

ஆவணியில் கூட்டம் ஏறியது. ஒரு நாளைக்கு நாற்பது பேர். சிங்கம்புணரியிலிருந்தும் கீழச்சிவல்பட்டியிலிருந்தும் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஷீலா பெயரை அடிப்பாள், ஊரை அடிப்பாள், பெட்டியில் 105 என்று மாற்றுவாள், பொத்தானை அழுத்துவாள். லைன் அறுந்தால் பக்கம் திரும்ப வரும்போது பெயரும் ஊரும் காலியாக இருக்கும். அவற்றை மறுபடி அடிப்பாள். பெட்டி காலியாக இருக்காது. அதில் ஒரு எண் இருக்கும். கண்ணுக்குக் காலியாகத் தெரிந்ததை அவள் நிரப்பினாள். நிரம்பியிருந்ததை எல்லாத் தடவையும் பார்த்தாளா என்று அவளுக்குப் பிற்பாடு நினைவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற ஷீலா ஊருக்குப் போனாள். ஐப்பசி மழை நன்றாகப் பெய்து கண்மாய் முக்கால்வாசி நிறைந்திருந்தது. நட்ட வயல்கள் பச்சை பிடித்து நின்றன. கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் யோகலட்சுமி வரப்பில் நின்று கைகாட்டினாள். கணவன் மலேசியாவில் வேலை பார்க்க, மூன்று ஏக்கரைத் தனியாளாகப் பார்க்கிறவள். ஷீலாவுக்குப் பத்து வயது மூத்தவள்.

"வா ஷீலா, வந்து பாரு. உன் கம்ப்யூட்டரு நெல்லு எம்புட்டுத் தூரு வெடிச்சிருக்குன்னு. இந்தக் கருப்பு நான் பாத்ததே இல்ல."

உண்மைதான். பயிர் கிளைத்து அடர்ந்து, கரும்பச்சையாக, இளமையாக நின்றது. ஒவ்வொரு தூரும் பக்கத்து வயலை விட ஒரு பிடி அகலம் கூட. ஷீலா சிரித்தாள். "நல்லா இருக்குக்கா" என்றாள்.

வீட்டில் அப்பா கோழிக்கூண்டின்மேல் சாரல் படாமல் விதைப்பையைப் பிரித்துப் போர்த்தியிருந்தார். பையின் ஓரத்தில், தைத்த நூலோடு, ஒரு சின்ன அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கோழிக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்தவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் பொடி எழுத்து. கம்பெனி பெயர், தேதி, பவளம், 135.

அவள் அட்டையை விடாமல் பிடித்தபடி குனிந்தே நின்றாள்.

"அப்பா, நீங்க கேட்டது நூத்தஞ்சுதானே?"

"ஆமா. நம்ம கம்மாய்க்கு வேற எது ஆகும்? நீதானே பாத்து அனுப்புன" என்றார் சின்னராஜ், உள்ளேயிருந்து.

அப்பாவுக்கே இப்படி என்றால் மற்றவர்களுக்கு எப்படி? யோகலட்சுமியின் வயல் ஏன் அவ்வளவு கருப்பு? நீண்ட நாள் நெல்தான் அப்படித் தூர் வெடிக்கும். ஷீலா அதை வெளியில் சொல்லவில்லை. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் காரைக்குடி திரும்பினாள்.

மறுநாள் மதுரைக்குப் போன் செய்தாள். யார் யாருக்கு எந்த எண் போனது என்ற பட்டியலைக் கேட்டாள். கவுன்ட்டர் ரசீதில் அது இல்லை, மதுரைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

அழகுராஜா மெதுவாகச் சொன்னார். "பெட்டியில என்ன நின்னுச்சோ அதுதான் போயிருக்கும். அழுத்துனது நீங்க. ஆனா அதைவிடுங்க. மழை நல்லா இருக்குல்ல? தண்ணி இருந்தா நூத்திமுப்பத்தஞ்சும் வெளையும், மகசூலும் கூட வரும். இப்பப் போயி ஊரைக் கிளப்பி விட்டுறாதீங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியவும் தெரியாது. அவள் காத்திருக்கத் தொடங்கினாள்.

காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பாள். ரேடியோவில் வானிலை சொல்லும்போது அடுப்பைத் தணிப்பாள். கவுன்ட்டரில் புதிதாக விற்கத் தொடங்கிய உரத்தைக் கேட்டு வருகிறவர்கள் பயிரைப் புகழ்வார்கள். கீழச்சிவல்பட்டிக்காரர் ஒருவர், "காடு மாதிரி நிக்குது தாயி. உன் கை ராசி" என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பழத்தை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாளில் மேகம் கலைந்தது. வெயில் அடித்தது. காலையில் பனி விழுந்தது. ஒரு வாரம் கழிந்தும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சாலமன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டோடு அவளைப் பார்த்து, "இருபது நாளா என்னமோ இருக்கு உனக்கு. இன்னைக்காவது சொல்லு" என்றான். சொன்னாள். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கணக்கு வாத்தியாராகவே யோசித்தான்.

"நூத்தஞ்சு நாளுக்கும் நூத்திமுப்பத்தஞ்சுக்கும் முப்பது நாள். அந்த முப்பது நாளைக்குக் கம்மாயில தண்ணி இருக்குமா?"

"இருக்காது."

"அப்ப நாளைக்கு மதுரைக்குப் போ."

மதுரை ஆபீசில் அழகுராஜா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவள் உட்காரவில்லை. "பட்டியல் வேணும் சார். வாங்கிக்கிட்டுத்தான் போவேன்" என்றாள். அவர், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். கம்ப்யூட்டரை அணைக்காமல் போனார். ஷீலா அவர் நாற்காலியில் உட்கார்ந்து காரைக்குடி என்று தேடினாள். பவளம் கேட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் எண்பத்தொரு பேருக்கு 135 போயிருந்தது. எண்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேர் சிங்கம்புணரிப் பக்கம். அவள் ஊரில் பதினொரு பேர். சின்னராஜ், யோகலட்சுமி, இன்னும் ஒன்பது பேர். பிரின்டர் கரகரவென்று தாளைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவள் பெயர்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லோரின் முகமும் அவளுக்கு நினைவு வந்தது.

ஞாயிறு காலை கண்மாய்க் கரையில் ஊர் கூடியது. மடைக்குப் பக்கத்தில் செம்மலை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சி அவர். ஷீலா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கவுன்ட்டரில் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். படத்தைக் குறைக்கச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். பதினொரு பெயரையும் வாசித்தாள். மடையை இப்போதே அடைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை திறந்தால், தை பாதிவரை தண்ணீரை இழுத்துப் பிடிக்கலாம் என்றாள்.

செம்மலை கண்மாயைப் பார்த்தார். "இப்பிடியே விட்டா மார்கழி இருவது வரைக்கும் வரும். அதுக்கு மேல சேறுதான்" என்றார்.

அப்போது 105 வயல்காரர் ஒருவர் கேட்டார். "எங்க பயிரு சரியாத்தானே இருக்கு. அது கதிரு வாங்குற நேரத்துல தண்ணிய அடைக்கச் சொல்றியே. அந்தப் பதினோரு பேருல மொதப் பேரு உங்கப்பாதானே?"

சின்னராஜ் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

யோகலட்சுமி முன்னால் வந்தாள். சத்தம் போடவில்லை. "ஒனக்கு இது எப்பத் தெரியும் ஷீலா?"

"கல்லறைத் திருநாள் அன்னைக்கு."

"அன்னைக்குத்தானே என் வரப்புல நின்ன."

"ஆமாக்கா."

"நல்லா இருக்குன்னு சொன்ன."

"ஆமாக்கா."

யோகலட்சுமி கரையிறங்கிப் போனாள். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. மடை திறந்தே கிடந்தது.

மற்ற ஊர்களுக்கும் ஷீலா போனாள். கவுன்ட்டருக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சாலமனின் டி.வி.எஸ். ஃபிப்டியில் சில நாள், பஸ்ஸில் சில நாள். கீழச்சிவல்பட்டியில் காது கொடுத்துக் கேட்டார்கள். கிணறு உள்ளவர்கள் மோட்டாரைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். சிங்கம்புணரிப் பக்கம் ஒரு பெட்டிக்கடை வாசலில் அவளைச் சுற்றி நின்றவர்கள், போட்டிக் கம்பெனிக்காரன் அனுப்பிய ஆள் என்றார்கள். பயிர் இவ்வளவு கருப்பாக நிற்கும்போது எவளோ வந்து விளையாது என்கிறாளே என்று ஒருவர் முகத்தைச் சுளித்தார். அவள் பட்டியலை நீட்டினாள். அதில் இருந்ததெல்லாம் ஆங்கில எழுத்து. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கார்த்திகை கடைசியில் ஊருக்குள் பேச்சு மாறியது. 105 வயல்களில் தோகைக்குள்ளிருந்து கதிர் எட்டிப்பார்த்தது. நடுநடுவே பதினொரு வயல்களில் ஒன்றும் இல்லை. வெறும் தழை. முன்பு புகழ்ந்த அதே கருப்பைப் பார்க்க இப்போது ஆட்கள் வரப்பில் கூடி நின்று பேசாமல் போனார்கள்.

அந்த வாரம் ஒரு புதன்கிழமை, விடிந்து வெயில் ஏறிய நேரம். ஷீலா ஊருக்குள் நுழையும்போது அப்பா வயலில் இருந்தார். நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு பயிரை அறுத்துக்கொண்டிருந்தார். ஒரு கதிர்கூட விடாத இரண்டு ஏக்கர் பச்சைப் பயிர். அறுத்ததை மாட்டுத் தீவனமாகக் கட்டுக்கட்டாக வரப்பில் போட்டிருந்தார்கள். பச்சையாக அறுத்த தாள் வாசம் அடித்தது.

"என்னப்பா செய்றீக?"

சின்னராஜ் நிமிராமல் அறுத்தார். "எம் பேரு அந்தத் தாள்ல இருக்கிற வரைக்கும் நீ சொல்றது ஒருத்தன் காதுலயும் ஏறாது. இப்ப எனக்குத் தண்ணி வேணாம். இப்பச் சொல்லு போ."

ஷீலா செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் ஊரே வந்து பார்த்துவிட்டது. கரையில் சின்னராஜைப் பற்றிப் பேசிய அந்த 105 வயல்காரர் வரப்பு ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செம்மலையைத் தேடிப் போனார். அன்று சாயங்காலம் மடை அடைபட்டது. இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் அரைத் திறப்பு என்று பேசி முடித்தார்கள். 105 வயல்காரர்களுக்கு ஏக்கருக்கு இரண்டு மூன்று மூடை குறைந்தது. அதைப் பற்றி அவர்கள் பிறகும் பேசவில்லை.

மீதிப் பத்து வயலில் ஆறு, மாசி தொடங்கும் முன் அறுவடை கண்டது. மணி பாதி, பதர் பாதி. யோகலட்சுமியின் மூன்று ஏக்கரும் அந்த ஆறில் ஒன்று. மீதி நான்கும் கண்மாயின் கடைமடையில் இருந்தன, அவ்வளவு தூரம் தண்ணீர் போய்ச் சேரவில்லை. யோகலட்சுமி நெல்லைத் தூற்றி மூடை கட்டிய அன்று சின்னராஜ் வீட்டில் ஒரு மரக்கால் நெல் கொண்டுவந்து வைத்தாள். ஷீலா உள்ளேதான் இருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் ஷீலாவோடு அவள் பேசவில்லை.

பொங்கலுக்கு முன்பே ஷீலாவுக்கு மதுரையிலிருந்து கடிதம் வந்துவிட்டது. பதிவில் கவனக்குறைவு, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று ஒரு வரி. அழகுராஜா கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் சாவியைக் கீழே ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். அவள் இடத்துக்கு வந்த பெண், பூச்சிமருந்து பாட்டில்களையும் அதேபோல ஒரு பெயருக்கு ஒரு படமாக வைத்துவிட்டார்கள், இப்போது பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது என்று வழியில் பார்த்தபோது சந்தோஷமாகச் சொன்னாள். பெட்டியைக் காலியாக விடுங்கள், ரசீதில் எண்ணைப் போடுங்கள் என்று ஷீலா அன்றே மதுரைக்கு எழுதினாள். பதிவுத் தபாலில் இன்னொரு கடிதமும் அனுப்பினாள். பதில் வரவில்லை.

தை கடைசியில் அவள் தனியாகச் சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினாள். ஏன் போகிறாள் என்று சாலமன் கேட்கவில்லை. பெட்டிக்கடையைத் தாண்டி நடந்தாள். கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. அதன்கீழ் வரிசையாக வயல்கள், பச்சை போய் வெளுத்து நின்றன. கதிர் பாதி வெளியே வந்து அப்படியே காய்ந்திருந்தது. ஒரு வயலில் பெரியவர் ஒருவர் இரண்டு மாட்டை அவிழ்த்து மேயவிட்டுக்கொண்டிருந்தார். மாடுகள் ஒரு வாய் கடித்துவிட்டு நின்றன.

அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னைக்குத் தாளக் கொண்டாந்து காட்டுன புள்ளதானே நீயி?"

"ஆமாய்யா."

திட்டுவார் என்று நினைத்து நின்றாள். அவர் மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"எங்க பயலுக அடுத்த போகத்துக்கும் அங்குட்டுத்தான் போவோம்ங்கிறாய்ங்க. வீட்டுக்கே கொண்டாந்து எறக்குறானாம், பஸ் செலவு மிச்சமாம். அந்தக் கம்ப்யூட்டரு அங்கேயேதான் இருக்குமா?"

"இருக்கும்" என்றாள் ஷீலா.

பெரியவர் தலையை ஆட்டினார். மாட்டை அடுத்த வயலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கேயும் அதே வெளுப்புதான். ஷீலா வரப்பில் நின்று, கண்ணுக்கு எட்டிய வரை எத்தனை வயல் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.